காலையில் கண்மாய், மாலையில் தோப்பு

ராஜபாளையம் நாயைத் தேடப் போகிறவன் ராஜபாளையத்தில்தான் தங்க வேண்டும் என்று எங்கள் அலுவலகத்தில் யாரோ முடிவு செய்துவிட்டார்கள். புகார்ப் படிவத்தில் ‘ராஜபாளையம்’ என்று எழுதியிருந்தது உண்மை. ஆனால் அது நாயின் இனத்துக்கான கட்டத்தில் இருந்தது. ஊருக்கான கட்டத்தில் ‘திருவண்ணாமலை அடிவாரம், ஸ்ரீவில்லிபுத்தூர்’ என்று இருந்ததை, வியாழக்கிழமை காலை லாட்ஜ் அறையில் பையைப் பிரித்து, துண்டைக் கொடியில் போட்ட பிறகுதான் நான் படித்தேன். ஒரு பொருள் பூமியில் எங்கே இருக்கிறது என்று வானத்திலிருந்து கண்டுபிடித்துச் சொல்லும் நிறுவனத்தின் பிரதிநிதியாக நான் வந்திருந்தேன் என்பதை இந்த இடத்தில் சொல்லிவிடுவது நேர்மை.

திருவண்ணாமலை என்றதும் கிரிவலம் ஞாபகம் வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இது அதுவல்ல. இங்கே மேலே இருப்பவர் பெருமாள். மலை என்பதும் மரியாதைக்குத்தான். சமவெளியில் தனியாக நிற்கும் ஒரு குன்று.

லாட்ஜ் மேலாளர் யாருடனோ தெலுங்கில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். போனை வைத்துவிட்டு, நடுவில் மூச்சுக்கூட விடாமல், என்னிடம் தமிழில் கனிவாகத் திரும்பினார். “வில்லிபுத்தூருக்குப் போகவேண்டியவரு இங்க வந்து எறங்கிட்டீகளா? அதுக்கென்ன சார், அரை மணி நேரம். பஸ்ஸு வந்துக்கிட்டே இருக்கும்.”

பஸ் வந்தது. நான் ஏறியது மதுரை வண்டி. பெங்களூரில் பல வருடம் மெட்ரோவில் போய்ப் பழகியவனுக்கு, எல்லா நிறுத்தத்திலும் கதவு தானாகத் திறக்கும் என்ற மூடநம்பிக்கை வந்துவிடுகிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் ஜன்னலில் தெரிந்தது, பெரிதானது, பிறகு மெல்லப் பின்னால் போனது. நான் எழுந்து நின்றேன்.

“வில்லிபுத்தூரா?” என்றார் நடத்துநர். “ஏறும்போதே சொல்லணும்ல. இந்த வண்டி ஊருக்குள்ள போகாது. கிருஷ்ணன்கோவில்ல எறங்கி எதுத்தாப்புல நில்லுங்க. கோபுரம் எங்கயும் ஓடிராது.”

எதிர்த்த பக்கம் நின்ற நேரத்தில், நான் எதற்காக வந்தேன் என்று சொல்லிவிடுகிறேன்.

எங்கள் நிறுவனம் விற்பது ஒரு கழுத்துப்பட்டி. ஆடு, மாடு, நாய், எதற்கும் மாட்டலாம். அதிலுள்ள சின்னப் பெட்டி சில விநாடிகளுக்கு ஒருமுறை விக்கல் எடுப்பதுபோல ஒரு ரேடியோ சமிக்ஞை விடும். மேலே போகும் எங்கள் செயற்கைக்கோள் அந்த விக்கல் எந்தக் கோணத்தில் வருகிறது என்று அளக்கும். எவ்வளவு தூரத்திலிருந்து என்று அதற்குத் தெரியாது. கோணம் என்பது நீட்டிய விரல் மாதிரி. அந்த விரலை நேராக இழுத்துக்கொண்டே போனால் தரையில் எங்கே முட்டுகிறதோ அங்கே நாய். அதைக் கைபேசியில் ஒரு நீலப் புள்ளியாகக் காட்டுவோம். செயற்கைக்கோள் ஒன்றே ஒன்றுதான். ஒரு நாளைக்கு இரண்டு முறைதான் இந்தப் பக்கம் எட்டிப்பார்க்கும். காலையில் கிழக்கே கடல் பக்கம், மாலையில் மேற்கே கேரளத்துக்கு அப்பால். இரண்டு முறையும் அடிவானத்தை ஒட்டித் தாழ்வாக.

திசை தெரியும், தூரம் தெரியாது. என் மகளைப் பற்றி எனக்குத் தெரிந்ததும் ஏறக்குறைய இவ்வளவுதான். மேற்கே இருக்கிறாள்.

என்னை அனுப்பியதற்கு இரண்டு காரணங்கள். புகார் தமிழில் வந்திருந்தது. அலுவலகத்தில் நான் இல்லாவிட்டால் யாருடைய வேலையும் நிற்காது.

ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்து நிலையத்தில், புகார் எழுதிய ஹவில்தார் அழகர்சாமி ஒரு பழைய மொபெட்டின் மேல் கையை வைத்தபடி நேராக நின்றுகொண்டிருந்தார். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றுப் பல வருடமாகியும் முதுகுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச்சேரவில்லை.

“நீங்கதான் சாட்டிலைட்டுக் கம்பெனியா?”

“ஆமாம்.”

என் தோளுக்குப் பின்னால் பார்த்தார். “வேற யாரும் வாராகளா?”

“நான் மட்டும்தான், அண்ணாச்சி.”

“சரி” என்றார். ஒரு படைப்பிரிவைக் கேட்டவருக்குச் சமையல்காரர் மட்டும் வந்து இறங்கியதுபோல இருந்தது அந்தச் சரி.

அடிவாரத்துக்குப் போகும் வழியெல்லாம் கழுத்தைப் பின்னால் திருப்பித் திருப்பிக் கதையைச் சொன்னார். நாயின் பெயர் மேஜர். பெயர் வைத்தது மகன் கண்ணன். அவனும் ராணுவத்தில்தான், வடக்கே எல்லையில். “இருவத்தி நாலு வருசம் மேஜருக்கெல்லாம் சல்யூட் அடிச்சேன் சார். இப்ப ஒரு மேஜருக்கு நான் சோறு போடுதேன். நாலு பேரு சிரிக்கட்டுமேன்னு வச்சுட்டான்.” தூய வெள்ளை நாய், இளஞ்சிவப்பு மூக்கு. அந்த இனத்தில் பல நாய்களுக்கு இருப்பதுபோல் அதற்கும் பிறவியிலேயே காது கேட்காது. கூப்பிட்டால் வராது என்பதால்தான், போன விடுமுறை முடிந்து கிளம்பும்போது கண்ணன் எங்கள் கழுத்துப்பட்டியை வாங்கி மாட்டிவிட்டுப் போயிருக்கிறான்.

போன சனிக்கிழமை, புரட்டாசி முதல் சனி. மலைக்கு வந்த கூட்டத்தைப் பார்க்க மேஜரை வாசல்வரை கூட்டிவந்திருக்கிறார். நெரிசலில் சங்கிலியின் கொக்கி கழுத்துப்பட்டியிலிருந்து கழன்றுவிட்டது. “கூட்டத்துக்குள்ள பூந்து ‘மேஜர், மேஜர்’னு கத்துதேன். காது கேக்காத நாயக் கூப்புடுதோம்கிற புத்தி இல்ல. ஒரு பெரியவரு வந்து, ‘எந்த ரெஜிமெண்ட்டு மேஜரு தம்பி?’ன்னு கேக்காரு.”

வீட்டுக்குள் போனோம். சாப்பாட்டு மேஜையைச் சுற்றி நான்கு நாற்காலிகள். மூன்று உள்ளே தள்ளியிருந்தன, ஒன்று மட்டும் வெளியே இழுத்திருந்தது. எனக்கு மேற்கொண்டு எதையும் பார்க்க வேண்டியிருக்கவில்லை. பெங்களூரில் என் மேஜையும் அப்படித்தான் இருக்கும். அவர் உள்ளேயிருந்த நாற்காலிகளில் ஒன்றை எனக்காக இழுத்தார். அது கொஞ்சம் முரண்டு பிடித்தது.

“ஞாயித்துக்கிழம சாயந்திரம் கண்ணன் வீடியோல வருவான் சார். வாரத்துக்கு ஒரு தடவதான் அங்க படம் தெரியிற அளவுக்கு லைன் கெடைக்கும். வந்ததும் கேக்குறது ‘மேஜரு எங்க?’ன்னுதான்.”

“போன ஞாயிறு என்ன சொன்னீர்கள்?”

“தூங்குதுன்னேன்.”

“இந்த ஞாயிறும் அதையே...”

“எட்டு நாளு தூங்குத நாய் எங்க சார் இருக்கு?” சுவரில் மாலையிட்டிருந்த மனைவியின் படத்தைப் பார்க்காமலே அதன் பக்கம் கையைக் காட்டினார். “அவ இருந்தவரைக்கும் அவகிட்டதான் பேசுவான். கடைசில போன என் கைல குடுப்பா. ‘ம், சரி, பாத்து இரு’ன்னுட்டுத் திருப்பிக் குடுத்துருவேன். ரெண்டு வருசமா திருப்பிக் குடுக்க ஆளு இல்ல. அவனும் நானும் நாயப் பத்தித்தான் பேசிக்கிடுதோம். அதுவும் போச்சுன்னா என்னத்தப் பேச?”

புகார்ப் படிவத்தில் ‘பிரச்சினையின் தன்மை’ என்ற கட்டத்தில் அவர் எழுதியிருந்தது: ‘புள்ளி இருக்கு. நாய் இல்லை.’

புள்ளி ஒழுங்கான புள்ளி. தினமும் காலையில் குன்றுக்கு மேற்கே கண்மாய்க்கரையில் தெரிந்தது. தினமும் மாலையில் குன்றுக்குக் கிழக்கே ஒரு தென்னந்தோப்பில் தெரிந்தது. ஐந்து நாளாக அவர் காலையில் கண்மாயிலும் மாலையில் தோப்பிலும் காவல் காத்திருக்கிறார். நாயின் நிழல்கூடப் படவில்லை.

அன்று மாலை தோப்பில் நானும் நின்றேன். செயற்கைக்கோள் வந்துபோனது. கைபேசியில் நீலப் புள்ளி சரியாக எங்கள் இருவரின் தலைமேல் வந்து உட்கார்ந்தது. நாங்கள் நின்ற இடத்தில், எங்கள் நிறுவனத்தின் கணக்குப்படி, நாய் நின்றது. அவர் தன் காலடியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஒரு தென்னங்குரும்பை கிடந்தது.

தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவர் வரப்பிலிருந்து குரல் கொடுத்தார். “என்ன மிலிட்டரி, இன்னைக்கும் டூட்டியா? கூட ஒரு ஆளு வேற. தேங்கா அம்புட்டும் பத்திரமா இருக்கு, வீட்டுக்குப் போங்க!”

ராஜபாளையம் திரும்பி ஒரு புரோட்டாக் கடையில் உட்கார்ந்தேன். எண்ணெயில் பொரித்த புரோட்டாவும் காரமான சால்னாவும் இந்தப் பக்கத்தின் பெருமை. ஆனால் புரட்டாசி. பக்கத்து மேஜைக்காரர் சர்வரிடம், “ஏலே, கறிச் சால்னாவ ஏன்டா அவரு முன்னால வைக்க? விரதமோ என்னமோ” என்று என்னைச் சுட்டினார். முகத்தைப் பார்த்தே விரதம் என்று முடிவு கட்டிவிட்டார். மறுக்க மனமில்லாமல் வெறும் தக்காளிச் சட்னியுடன் சாப்பிட்டேன். பெங்களூரில் ஒரு ஓட்டலில் பத்து வருடமாகச் சாப்பிடுகிறேன். நான் விரதமா இல்லையா என்று அங்கே யாரும் யோசித்ததில்லை.

வெள்ளிக்கிழமை காலை கண்மாய். தண்ணீர் பாதிக்கு இருந்தது, கொக்குகள் முழுதாக இருந்தன. புள்ளி மறுபடியும் எங்கள் மேலேயே வந்து இறங்கியது. ஹவில்தார் உள்ளங்கையைப் புருவத்தில் வைத்துக் கரை முழுக்கப் பார்த்தார். இல்லை.

பகல் முழுவதும் மடிக்கணினியோடு அவர் வீட்டில் உட்கார்ந்து கோணங்களைச் சரிபார்த்தேன். எல்லாம் சுத்தமாக இருந்தன. அவர் பழையசோற்றைப் பிழிந்து வைத்துவிட்டு, பழக்கதோஷத்தில் ஒரு கிண்ணத்தில் தயிர்சாதம் பிசைந்தார். புரட்டாசியில் மேஜருக்கும் கறி கிடையாது. பிசைந்து முடித்த பிறகுதான் நினைவு வந்தது. கிண்ணத்தைக் கையிலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்து, பிறகு காக்கைக்கு வைத்தார். நான் மிகுந்த அக்கறையோடு திரையைப் பார்த்தேன். திரையில் ஒன்றும் இல்லை.

மாலையில் மறுபடி தோப்பு. வெயில் நேராக முகத்தில் அடித்தது. ஹவில்தார் கண்ணை இடுக்கிக்கொண்டு அலுத்துக்கொண்டார்.

“இது என்ன எழவு சார். காலைலயும் கண்ணு கூசுது, சாயந்திரமும் கண்ணு கூசுது. ரெண்டு நேரமும் சூரியன் அந்த மலைக்குப் பின்னாலயே நிக்கி.”

நான் நிமிர்ந்து பார்த்தேன். மேற்கே, குன்றின் உச்சிக்கோயிலுக்குப் பின்னால் சூரியன். இன்று காலை கண்மாயில் நின்றபோதும் அதே கோயில்தான், கிழக்கே, சூரியனுக்கு முன்னால் கறுப்பாக நின்றது. காலையில் செயற்கைக்கோள் வருவது கிழக்கே. மாலையில் மேற்கே. இரண்டு நேரமும் எங்களுக்கும் செயற்கைக்கோளுக்கும் நடுவில் அந்தக் குன்று நின்றிருக்கிறது.

கைபேசியிலிருந்த புள்ளியையும் உச்சிக்கோயிலையும் மாறி மாறிப் பார்த்தேன்.

“அண்ணாச்சி, ஒருத்தி தலையில் கூடையோடு தெருவில் நிற்கிறாள் என்று வையுங்கள். நீங்கள் மொட்டை மாடியிலிருந்து கூடையை விரலால் காட்டுகிறீர்கள். கூடை தரையில் இருக்கிறது என்று நினைக்கிற ஒரு மடையன் உங்கள் விரல் போகும் கோட்டிலேயே போனால் எங்கே தேடுவான்?”

யோசித்தார். “அவளத் தாண்டி அந்தாண்ட போய்த் தேடுவான்.”

“எதிர்வீட்டு மாடியிலிருந்து காட்டினால்?”

“இந்தாண்ட வந்து தேடுவான்.” நிறுத்தினார். “அவ நின்ன எடத்துலயே நிக்கா.”

“மேஜரும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. காலையில் கண்மாய்க்கும் மாலையில் தோப்புக்கும் போகவே இல்லை.”

அவர் மெதுவாகத் தலையைத் திருப்பிக் குன்றைப் பார்த்தார்.

“அந்த மடையன் யாரு சார்?”

“நான்தான்.” சொல்லிவிட்டேன். “கணக்கு வேகமாக முடியட்டும் என்று இந்தச் சமவெளி முழுவதையும் ஒரே உயரம் என்று எழுதிவைத்தேன். தோசைக்கல் மாதிரி. மேற்கே தெரிகிற பெரிய மலைத்தொடருக்கு விலக்குக் கொடுத்தேன். நடுவில் தனியாக நிற்கும் இந்தக் குன்றை விட்டுவிட்டேன்.”

“பெருமாளயே விட்டுட்டீகளே சார்” என்றார். கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும். “நான் மொத நாளே மேல ஏறிப் பாக்கணும்னுதான் இருந்தேன். முட்டி ஒரு பக்கம் மடக்கவிடல. உங்க மெசினு வேற தோப்புங்குது, கண்மாய்ங்குது. மெசினு பொய் சொல்லாதுன்னு அங்கயே நின்னுட்டேன்.”

“மெஷின் பொய் சொல்லவில்லை, அண்ணாச்சி. அது கோணத்தைச் சரியாகத்தான் சொன்னது.”

இருட்டத் தொடங்கிவிட்டது. அந்த முழங்காலோடு படியேற விடியட்டும் என்று முடிவானது. அவர் குன்றைப் பார்த்தபடியே மொபெட்டை உருட்டிக்கொண்டு நடந்தார். ஆறு நாள் கட்டிப்போட்ட மாதிரி ஒரே இடத்தில் நிற்கும் நாய் எந்த நிலைமையில் இருக்கும் என்று இருவருமே சத்தமாகக் கேட்கவில்லை.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் நிற்க இடமில்லை. புரட்டாசி இரண்டாம் சனி. துளசி மணமும் தலையெண்ணெய் மணமும் சேர்ந்து என்னை ஸ்ரீவில்லிபுத்தூர்வரை தாங்கிப் பிடித்தன. அடிவாரத்தில் ஹவில்தார் வெள்ளை வேட்டி சட்டையில் தயாராக இருந்தார். கையில் காலி சங்கிலி. அதைத் துடைத்துப் பளபளக்க வைத்திருந்தார்.

ஏறினோம். அவர் நல்ல காலை முதலில் வைத்து, மற்றதை இழுத்துச் சேர்த்தார். எனக்கு இரண்டு காலும் நல்ல கால். ஆனாலும் நடுமண்டபத்தில் முதலில் உட்கார்ந்தவன் நான்தான். இடுப்பில் குழந்தையோடு எங்களைக் கடந்துபோன ஒரு பெண் திரும்பிப் பார்த்து, “அந்த ஐயாவுக்குத் தண்ணி குடுங்க” என்றாள். ‘அந்த ஐயா’ அவராக இருக்கும் என்று ஒரு கணம் நம்பினேன். தண்ணீர் என்னிடம் வந்தது.

மேலே, கோயிலுக்குச் சற்றுத் தள்ளி, ஒரு வேப்பமரம். அதன் கீழே தேங்காயும் துளசி மாலையும் விற்கும் ஒரு பெண். மரத்தின் மறுபுறம், கயிற்றில் கட்டப்பட்டு, நெற்றியில் குங்குமத்தோடு, கழுத்துப்பட்டியின் பெட்டியைச் சுற்றி மஞ்சள் கயிற்றோடு, மேஜர் தூங்கிக்கொண்டிருந்தது.

ஹவில்தார் அதன் பக்கத்தில் போய் வலது காலால் இரண்டு முறை தரையை உதைத்தார். வீட்டில் அப்படித்தான் எழுப்புவாராம், அதிர்வு தெரியும் என்று. பாறை அதைக் கடத்தவில்லை. நாய் அசையவில்லை. அவர் குனியவும் முடியாமல், கூப்பிடவும் வழியில்லாமல் நின்றார். அப்போது காற்று திரும்பியது. முதலில் மூக்கு விழித்தது. பிறகு வால். நாய் கடைசியாக எழுந்தது.

அதன் பிறகு நடந்ததை நான் சரியாகப் பார்க்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கயிறு அவிழும் நேரத்தில் அந்தப் பெண்ணின் குரல்தான் கேட்டது.

“ஏய்யா, யாரது? சாமி நாயில்ல அவுக்கீக!”

“சாமி நாயா? எங்க வீட்டு நாய் தாயி. பேரு மேஜரு.”

“உங்க நாய்னா எதுக்கு நேந்து விட்டீக?”

“நான் எங்க நேந்தேன்?”

சீனியம்மா என்ற அந்தப் பெண் சுந்தரபாண்டியத்துக்காரர். புரட்டாசி முழுக்க மலைமேல்தான் கடை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு எழுந்தார். “வெள்ள வெளேர்னு ஒத்த நாய், கழுத்துல பொட்டியக் கட்டி, மொத சனியன்னைக்கு மலைக்கு ஏத்தி விட்டா அதுக்கு என்ன அர்த்தம்? நேர்த்திக்கடன்தான? எம்புட்டுக் கொட்டு, எம்புட்டுக் கூப்பாடு, ஒண்ணுக்கும் அசஞ்சு குடுக்காம வரிசையில ஏறி வந்துச்சு. பெருமாளே கையப் பிடிச்சுக் கூட்டியாந்தாருன்னு அம்புட்டுப் பேரும் கன்னத்துல போட்டுக்கிட்டோம்.”

“அதுக்குக் காது கேக்காது தாயி.”

சீனியம்மா குனிந்து நாயின் காதைப் பார்த்தார். “அத ஒரு சீட்டுல எழுதிக் கட்டியிருக்கக் கூடாதா?”

நான் நடுவில் புகுந்தேன். “பெருமாளுக்கு மாடு நேர்ந்து விடுவார்கள், சரி. நாயை விடுவார்களா?”

“மாடு வச்சிருக்கவுக மாட்ட விடுவாக. நாய் வச்சிருக்கவுக என்னத்த விடுவாக?” என்றார்.

யாரும் கீழே போய் விசாரிக்காததற்கும் காரணம் சொன்னார். நேர்ந்து விட்டது யார் என்று கேட்கக்கூடாது. கேட்டால் விட்டவருக்குப் பலன் போய்விடும். ஆகவே ஒரு வாரமாக மலையேறிய அத்தனை பேரும் அந்த முகம் தெரியாத பக்தரின் பலனைப் பத்திரமாகக் காப்பாற்றியிருக்கிறார்கள். “கொரங்கு கடிச்சுரும்னுதான் கட்டிப் போட்டேன். புளியோதரையும் தயிர்சாதமுமா ஒரு கொறையும் இல்ல.”

ஹவில்தார் கைகூப்பினார். “நல்லா இருப்ப தாயி. கூட்டிட்டுப் போறேன்.”

“சும்மா அவுத்துட்டுப் போனா சாமி குத்தம். ஒண்ணக் குடுத்துட்டுத்தான் ஒண்ண வாங்கிக்கிடணும். முடியக் குடுத்துட்டுப் போங்க.” பிறகு என் பக்கம் திரும்பி, என் தலையைப் பார்த்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அவிய ஏற்கெனவே குடுத்துட்டாக போல.”

ஹவில்தார் மொட்டையும் சந்தனமுமாக இறங்கினார். மேஜர் அவர் முழங்காலை ஒட்டியே, படிக்குப் படி நின்று நின்று இறங்கியது. நான் கடைசியாக வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் ஊருக்குக் கிளம்பியிருக்க வேண்டும். மாலைவரை இருந்துவிட்டுப் போங்க என்றார். கடைத்தெருவில் ஒரு பெட்டி பால்கோவா வாங்கிக்கொண்டு போனேன். வேறு யாருக்கும் வாங்கவேண்டியிருக்கவில்லை.

போன் சரியான நேரத்துக்கு அடித்தது. ஹவில்தார் அதைச் சொம்பில் சாய்த்து நிறுத்தி எதிரே நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் கேமராவின் கண்ணில் படாமல் சுவரோரம் ஒதுங்கினேன்.

“என்னப்பா மொட்ட?” என்றது கண்ணனின் குரல்.

“புரட்டாசில்ல.”

“மேஜரு எங்க?”

மேஜரை இரு கையாலும் பிடித்துத் திரைக்கு முன்னால் நிறுத்தினார். கண்ணன் திரையில் கையை உயர்த்தி ஏதோ சைகை காட்டினான். மேஜர் என் மடியிலிருந்த பால்கோவாப் பெட்டியைப் பார்த்தது. கண்ணன் சிரித்தான்.

“மெலிஞ்சுட்டான்ப்பா.”

ஹவில்தார் மேஜரின் கழுத்துப்பட்டியைப் பிடித்தபடி முன்னால் சாய்ந்தார். உண்மையைச் சொல்லத்தான் போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. அதற்குள் கண்ணனே பேசினான்.

“மெலியாம என்ன செய்வான்? ரெண்டு நேரமும் இந்த நடை நடந்தா. நானும் ஆப்புல பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். காலைல கண்மாய், சாயந்திரம் தோப்பு, ஒரு நாளு தப்பல. அம்மா போனதுக்குப் பொறவு நீங்க வாசப்படியே தாண்டுறதில்லன்னு சித்தி சொல்லிக்கிட்டே இருந்தாக. எனக்கு இங்க ஒரே ரோசனையா இருக்கும். இப்ப டூட்டி முடிஞ்சு வந்ததும் மொத வேலையா அந்தப் புள்ளியத்தான்ப்பா பாப்பேன். இந்தா எங்கப்பா கண்மாய்க்கரைல நிக்காரு, இந்தா தோப்புல நிக்காருன்னு. பாத்துட்டுத்தான் தூங்குவேன்.”

ஹவில்தார் முழங்காலைத் தடவிக்கொண்டார்.

“முட்டி வலிக்கலியாப்பா?”

“வலிக்கத்தான் செய்யுது” என்றார்.

படம் உறைந்தது. கண்ணனின் சிரித்த முகம் சதுரம் சதுரமாகக் கலைந்து, இணைப்பு போனது.

ஒரு வாரமாக, நாய் இல்லாத இரண்டு இடங்களில் ஒரு புள்ளியை வைத்தது என் சோம்பேறித்தனம். அந்தப் புள்ளியைப் பார்த்துத்தான் எங்கோ குளிரில் ஒருவன் தூங்கியிருக்கிறான். இதுவரை நான் சரியாகக் கணக்கிட்ட எதுவும் யாரையும் தூங்கவைத்ததில்லை. அதைப் படித்துப் பார்த்தவர்களைத் தவிர.

“சார்” என்றார் ஹவில்தார். “அந்தத் தப்ப எப்ப திருத்துவீக?”

“நாளைக்கே திருத்தவேண்டும். ஆனால் நீங்கள் சொன்னால்...” இழுத்தேன். “ஒரு மாதம் தள்ளிப்போட்டு, புள்ளியைப் பழைய இடங்களிலேயே காட்டவைக்கலாம்.”

“திருத்திருங்க. இன்னொருத்தன் நாயும் காணாமப் போகும்ல.” மேஜரின் தலையைத் தடவினார். “உங்க சாட்டிலைட்டு எத்தன மணிக்கு வரும், எத்தன மணிக்குப் போகும், அத மட்டும் சொல்லிட்டுப் போங்க. டயத்துக்கு அங்க நின்னுக்கிடுதேன்.”

“தினமும் ஒரே நேரத்துக்கு வராது அண்ணாச்சி. சில நிமிடம் மாறிக்கொண்டே இருக்கும்.”

“அப்பத் தெனமும் சொல்லுங்க.”

திங்கட்கிழமை பெங்களூரில், பதினோராவது மாடியில், அந்த ஒரு வரியைத் திருத்தினேன். விருதுநகர் மாவட்டத்துக்கு அதன் குன்றுகளைத் திருப்பிக் கொடுத்தேன். நேரங்களை அன்றிரவே அவருக்கு அனுப்பினேன். செவ்வாய்க்கிழமை காலை புள்ளி கண்மாய்க்கரையில் இருந்தது. மாலையில் தோப்பில் இருந்தது. இந்த முறை இரண்டு இடத்திலும் ஒரு நாயும் ஒரு மொட்டைத்தலை மனிதரும் இருந்தார்கள். சனிக்கிழமை மாலை புள்ளி குன்றின் உச்சியில் இருந்தது. சீனியம்மாவைப் பார்க்கப் போயிருப்பார்கள்.

அதன் பிறகு தினமும் இரண்டு நேரங்களை அனுப்புவது என் வேலையானது. அவரிடமிருந்து ‘ஓகே சார்’ என்று வரும். அதற்கு மேல் ஒரு எழுத்து வராது.

ஐப்பசியில் மழையோடு எனக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டு நாள் கட்டிலை விட்டு எழவில்லை. அலுவலகத்துக்கு ஒரு வரி அனுப்பினேன், பதிலுக்குக் கட்டைவிரல் படம் ஒன்று வந்தது. மூன்றாம் நாள் காலை, விடிந்தும் விடியாத நேரத்தில் போன் அடித்தது. பின்னால் கொக்குகளின் சத்தம்.

“சார், கண்மாய்க்கரைல நிக்கோம். நேத்தும் டயம் வரல, முந்தாநாளும் வரல. குத்துமதிப்பா வந்து நின்னுட்டுப் போறோம். அதக்கூட விடுங்க. உங்களுக்கு உடம்பு கிடம்பு சரியில்லயா?”

தலைமாட்டிலிருந்த மடிக்கணினியை இழுத்துத் திறந்து பார்த்தேன்.

“ஆறு இருபத்திரண்டுக்கு வரும் அண்ணாச்சி. இன்னும் கால் மணி நேரம் இருக்கிறது.”

“அப்ப அதுவரைக்கும் பேசிக்கிட்டிருப்போம்” என்றார்.

நாயைப் பற்றிப் பேசினோம்.